துலுக்காணத்தின் திரௌபதை

என் நாத்தனார் தாட்சாயணி வாயைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்த வருஷத்துத் துகில் புடவையைத் துலுக்காணத்துக்குக் கொடுக்கக் கூடாது. அவனை ஊரைவிட்டுத் துரத்துங்கள் என்று கேட்கவில்லை. போலீசுக்குப் போங்கள் என்றும் கேட்கவில்லை. அவள் நைனா கையால் நெய்த புடவை அவன் உடம்பில் ஏறக் கூடாது, அவ்வளவுதான். இதைக்கூடச் செய்து கொடுக்கத் துப்பில்லாத ஊருக்குத்தான் நான் சோளிங்கரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்திருந்தேன்.

எங்கள் ஊர் நகரிக்குக் கிழக்கே, ஆற்றோரம். தெரு முழுக்கத் தறி. காலையில் நெசவு நூலைத் தெரு நீளத்துக்குப் பாவாக விரித்துவிட்டால் மாட்டுவண்டி சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். ஊர்க்கோடியில் தருமராஜா கோயில், அதில் திரௌபதி அம்மன். வைகாசியில் அங்கே பாரதம் நடக்கும். பகலில் ஒருவர் கதை படிப்பார், ராத்திரியில் கூத்து. அதில் திரௌபதையைத் துகில் உரியும் நாளுக்குத்தான் கூட்டம் கட்டுக்கடங்காது. விளக்கு வைத்ததும் கூத்து தொடங்கிச் சூதாட்டமெல்லாம் முடிந்து, கிழக்கு வெளுக்கிற நேரத்தில் துகில் வரும். அந்த நேரத்தில் யாருக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறதோ அவர்களிடம் அம்மன் வந்துவிட்டாள் என்று அர்த்தம். அழுகை வராதவன் மனசுக்குள் ஏதோ பொய் இருக்கிறது என்று எங்கள் ஊரில் நம்புவார்கள்.

திரௌபதை வேஷத்தில் துலுக்காணம் இருக்கிறபோது யாருக்கு அழுகை வராமல் இருக்கும்? சத்தியவேட்டுப் பக்கத்து ஆள். வேஷம் கட்டாத நேரத்தில் பார்த்தால் எருமை வாங்கி விற்கிறவன் என்றுதான் நினைப்பீர்கள். தடித்த மணிக்கட்டு, முரட்டுப் பாதம். புடவை கட்டிக்கொண்டு சபைக்கு வந்தால் அந்த மணிக்கட்டு எங்கே போகும் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. அவன் பாடுவது அச்சுப் புத்தகத்துப் பாட்டு இல்லை, எல்லாம் அவனே கட்டியது. அவன் திரௌபதை எடுத்த எடுப்பில் கண்ணனைக் கூப்பிட மாட்டாள். சபையில் இருக்கிற ஒவ்வொரு ஆண்பிள்ளையையும் முறை சொல்லி அழைப்பாள். மாமன் என்பாள், பெரியப்பன் என்பாள், நான் உங்கள் வீட்டுப் பெண் இல்லையா என்பாள். மணலில் குந்தியிருக்கிற ஆண்களெல்லாம் தலையைக் குனிந்துகொள்வார்கள். எல்லாரையும் அழைத்து முடித்து, ஒருத்தனும் எழுந்து வராத பிறகுதான் கண்ணனைக் கூப்பிடுவாள்.

அவனுக்குப் பாட வராது என்று சொல்லிவிட்டால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும். சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். கல்யாணத்துக்கு முன்னால் அவன் கூத்தைப் பார்க்க நான் எத்தனையோ ஊருக்கு நடந்திருக்கிறேன். இந்தச் சம்பந்தம் வந்தபோது, துகில் புடவை நெய்கிற வீடு என்றார்கள். சரி என்று தலையாட்டிவிட்டேன். மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்றுகூடக் கேட்கவில்லை.

அந்தப் புடவை எங்கள் வீட்டு உரிமை. என் மாமனார் கன்னையா கறி மீன் விட்டு, விரதம் இருந்து நெய்வார். நடுவில் வெட்டாமல் எட்டுப் புடவை நீளத்துக்கு ஒரே துணி, மஞ்சளில் சிவப்புக் கரை. அதைத் திரௌபதை வேஷத்தின் மேல் சுற்றுச் சுற்றாகக் கட்டவேண்டும். அதற்கொரு முறை உண்டு. கையில் காப்புக் கட்டிய பிறகு அவனை ஆண்பிள்ளை தொடக் கூடாது. நெய்த வீட்டில் கல்யாணமாகாத பெண் யாரோ அவள்தான் வேஷக் கொட்டகைக்குப் போய்ச் சுற்றிவிட வேண்டும். அவள் உள்ளே போனதும் மற்ற வேஷக்காரர்கள் வெளியே வந்துவிடுவார்கள், படுதாவை இறக்கிவிடுவார்கள்.

இப்போது இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முகம் மாறுகிறது. ஒரு ஆண்பிள்ளை இருக்கிற கொட்டகைக்கு வயசுப் பெண்ணைத் தனியாகவா அனுப்பினீர்கள் என்கிறார்கள். எங்களில் ஒருவருக்கும் அப்படித் தோன்றவே இல்லை. காப்பு ஏறினால் அவன் அம்மன். ஊரே அவனை ‘அம்மா’ என்றுதான் கூப்பிடும், அவன் எதிரில் வந்தால் செருப்பைக் கழற்றும். பிள்ளை பெற்றவர்கள் குழந்தையைக் கொண்டுபோய் அவன் மடியில் போடுவார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு மகளை அனுப்ப எந்தத் தாய் யோசிப்பாள்?

தாட்சாயணிக்கு இருபது முடிந்திருந்தது. அந்த வைகாசியில் சாயங்காலம் புடவையைத் தலைமேல் வைத்துக்கொண்டு போனவள், விளக்கு வைத்த பிறகு திரும்பி வந்தாள். சோறு வேண்டாம் என்றாள். அம்மன் பக்கத்தில் நின்றுவிட்டு வந்திருக்கிறாள், அப்படித்தான் இருக்கும் என்று என் மாமியார் கமலம்மா அவளுக்குத் திருநீறு பூசிப் படுக்கவைத்தாள். நாங்களெல்லாரும் கூத்துக்குப் போனோம். அன்றைக்கு விடியற்காலையில் அவன் பாடியதுபோல் அதற்கு முன்னால் ஒருநாளும் பாடியதில்லை.

தை மாசத்தில் பள்ளிப்பட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். நல்ல இடம், சொந்தத் தறி. தாட்சாயணி மாட்டேன் என்றாள். காரணம் கேட்டால் வாய் திறக்கவில்லை. மாமியார் திட்டித் தீர்த்து, தலைமயிரைப் பிடித்து உலுக்கி, கடைசியில் தானே அழுதுவிட்டுப் போனாள். கொல்லையில் நானும் அவளும் தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தபோதுதான் சொன்னாள். என் முகத்தைப் பார்க்காமல், ராட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அண்ணி, கொட்டகையில அம்மன் இல்ல அண்ணி. ஆம்பளதான் இருந்தான்.”

எனக்கு நூல் கையில் அறுந்தது. மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை, கேட்கவேண்டியும் இருக்கவில்லை.

அன்றைக்கே என் வீட்டுக்காரர் பாலசுந்தரத்திடம் சொன்னேன். அவர் போய் மாமனாரிடம் சொன்னார். மாமனார் அந்த வருஷத்துத் துகிலுக்குப் பாவைத் தறியில் ஏற்றியிருந்த நேரம். தறிக்குழியிலிருந்து எழுந்து கொல்லைக்கு வந்தார்.

“நெஜமாம்மா?”

“நெஜம் நைனா.”

“யாருகிட்டயும் ஏன் சொல்லல?”

“சொன்னா யாரு நைனா நம்புவாங்க? நீ நம்புறியா?”

அந்த மனுஷன் உள்ளே போய்ப் பாவைத் தறியிலிருந்து இறக்கிச் சுருட்டி, கூரை வாரையில் தூக்கிக் கட்டிவிட்டு வந்தார். அப்போதுதான் தாட்சாயணி அந்த ஒன்றைக் கேட்டாள். அந்தப் புடவை அவனுக்கு வேண்டாம் என்றாள். மாமனார் அவள் கையில் கையடித்துக் கொடுத்தார். அன்றைக்கு அவர் காலில் விழுந்து கும்பிடலாம் என்றிருந்தது எனக்கு. மாமியார் மட்டும், அம்மன்மேல் பழி போடாதேடி, குலம் விளங்காது என்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்லி என்ன செய்வது? அவன் பாட்டைக் கேட்டு வருஷா வருஷம் அழுதவள்.

தாட்சாயணி அன்றைக்கு ராத்திரி வயிறாரச் சாப்பிட்டாள். பல மாசத்துக்குப் பிறகு அவள் இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பாவு வாரையில் தொங்கினால் நெசவுத் தெருவில் ரகசியம் ஏது? நாலாம் நாளே வரதராஜன் வந்துவிட்டார். நூல் கடைக்காரர். திருவிழாக் கமிட்டிக்கும் அவர்தான், எல்லைக் கமிட்டிக்கும் அவர்தான். ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்த நாளிலிருந்து எங்கள் பக்கத்தில் வேறு பேச்சே கிடையாது. வீட்டில் பேசுவது தமிழ், சாமி கும்பிடுவது தமிழ், சித்தூர் ஜில்லா மட்டும் அந்தப் பக்கம் போய்விட்டதாம். பள்ளிக்கூடத்துப் பலகை மாறிற்று, தாலுகாக் கச்சேரிக் காகிதம் மாறிற்று. வரதராஜன் மறியல் செய்து ஜெயிலுக்குப் போய்வந்தவர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர். நல்ல மனுஷன். அதுதான் பெரிய இடைஞ்சல்.

“மாமா, பாவ எறக்கிட்டீங்கன்னு சொல்றாங்களே” என்று ஆரம்பித்தார்.

“ஆமா. எறக்கிட்டேன்.”

“பொண்ணு சொல்றது நெஜமாவே இருக்கட்டும் மாமா. நான் இல்லன்னு சொல்ல வரல. அவன் நடத்தை எப்டின்னு அங்கங்க பேச்சு அடிபடுது, எனக்கும் தெரியும். ஆனா ஆளு வேற, கலை வேற. ஆளு கெட்டுப்போனான்னா பாட்டு இன்னா பண்ணுச்சி? அவன் வாயிலேர்ந்து வந்த அப்புறம் அது ஊருக்குச் சொந்தம். தண்ணி நல்லா கீதுன்னா, கெணறு வெட்டனவன் யோக்கியனான்னு கேட்டுக்கினா குடிக்கிறோம்?”

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. “அப்போ ஆள ஊட்டுலயே வுட்டுட்டுக் கலைய மட்டும் அனுப்பச் சொல்லுங்கண்ணா. கல்யாணம் ஆனவளா இருந்தாலும் பரவால்ல, நானே வந்து புடவை சுத்தி வுடறேன்” என்றேன்.

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. “நீ கேக்கறது நியாயம் செங்கம்மா. ஆனா எந்த வருஷத்துல கேக்கற பாரு. எல்லை யாருக்குன்னு தீத்து வெக்க டில்லிலேர்ந்து ஆளு வந்துகீறாரு. திருப்பதில எறங்கி புத்தூர் பக்கம் வரப்போறாருன்னு சொல்லிக்கினு கீறாங்க. தெலுகுவாளு பக்கத்துல அவங்க சனக் கணக்க காட்றாங்க. நாம இன்னாத்த காட்றது? துகில் அன்னிக்கி இந்த மணல்ல சனம் மொத்தமும் குந்திக்கினு, விடிய விடிய தமிழ்ல அழுவுதே, அத அவரு கண்ணால பாக்கட்டும். அதுக்கு மேல ஒரு மனு வேணுமா? துலுக்காணம் இல்லன்னா எவன் வருவான்?”

“வேற ஆளு துரோபதை கட்டட்டுமே” என்றார் என் வீட்டுக்காரர்.

“கட்டலாம். நாலு பேரு வந்து கொட்டாவி வுட்டுட்டுப் போவாங்க. பாலசுந்தரம், உன் பசங்க நாளைக்கி எந்தப் பாஷையில படிக்கணும்னு யோசிச்சுக்க.”

என் வீட்டுக்காரருக்கும் தமிழ் என்றால் உயிர். எனக்கு மட்டும் இல்லையா என்ன? ஊர் தமிழ்நாட்டுக்குப் போகவேண்டும் என்று நானும் விளக்கேற்றிக் கும்பிட்டவள்தான். அதற்குத் தாட்சாயணியைத்தான் விலையாகக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

மாமனார் மட்டும் அசையவில்லை. “பஞ்சாயத்து வை வரதராஜா. அவனும் வரட்டும். அவன் எதுரா என் பொண்ணு சொல்லட்டும். கேட்டுட்டு ஊரு இன்னா சொல்லுதோ பாப்பம்” என்றார். வரதராஜனும் ஒப்புக்கொண்டு போனார்.

பஞ்சாயத்து கூடியது வைகாசியில், காப்புக் கட்டியதற்கு மறுநாள். வேண்டுமென்றே அப்படி நாள் வைத்தார்களா, அப்படி அமைந்துவிட்டதா, எனக்குத் தெரியாது. நாங்கள் கோயிலுக்குப் போனபோது துலுக்காணம் அம்மன் சன்னதிக்கு நேரே உட்கார்ந்திருந்தான். அரிதாரம் இல்லை. தோளில் வேறொரு மஞ்சள் புடவையைச் சுற்றி, மணிக்கட்டில் புதுக் காப்போடு இருந்தான். நியாயம் சொல்ல வந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து அவன் எதிரில் செருப்பைக் கழற்றி, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்தார்கள்.

தாட்சாயணி நடுவில் நின்றாள். நாட்டாண்மை ரங்கையா, “சொல்லும்மா, பயப்படாதே” என்றார்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். பாயில் இருந்தவர்களெல்லாம் யார்? அவள் சொந்தக்காரர்கள்தான். ஒரே தெரு, ஒரே வகையறா. ஒரு பெண்ணுக்கு அங்கே வேறு எப்படிப் பேச்சை ஆரம்பிக்கத் தெரியும்?

“பெரியப்பா” என்றாள். “மாமா, சித்தப்பா. நான் உங்க ஊட்டுப் பொண்ணு. என் மூஞ்சியப் பாருங்க.”

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. பின்னாலிருந்து யாரோ ஒருவன் சிரித்தான். “பாட்டு மொத்தமும் பாடம் பண்ணிக்கினு வந்துகீதுடா” என்றான்.

தாட்சாயணிக்கு முதலில் விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. அவள் சொன்னது துகில் பாட்டின் முதலடி. அவளாகப் பாடவில்லை, வாய்க்கு வந்ததைத்தான் சொன்னாள். எங்கள் வீட்டுப் பெண்கள் கதறுகிறபோது சொல்வதை எங்கேயோ நின்று கேட்டுத்தானே அவன் பாட்டாகக் கட்டினான். இப்போது எங்கள் பேச்சு அவன் சொத்தாகிவிட்டது. அவள் தடுமாறி மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் “பெரியப்பா, மாமா” என்றுதான் வந்தது. வேறு எதைச் சொல்லுவாள்?

அப்போது அவன் பாடினான். கண்ணை மூடிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே, அவள் விட்ட இடத்திலிருந்து மெதுவாக எடுத்தான்.

“மாமன்மாரே, மூத்தோரே, உங்கள் வீட்டுப் பெண்ணல்லவோ,
மண்ணைப் பார்க்கும் கண்ணாலே என் முகத்தைப் பாரீரோ.
கூப்பிட்ட குரல் கேட்கச் செவியொன்றும் இல்லையோ,
கேட்டும் எழாத கால்களைக் கட்டினவர் யாரையா.”

தந்திரம் என்று பிறகு என் வீட்டுக்காரர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தந்திரமாக இருந்திருந்தால் குரல் அப்படி வராது. அந்த அடி காதில் விழுந்ததும் அவனால் பாடாமல் இருக்க முடியவில்லை. அவன் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, அதுவும் நிஜமான தண்ணீர்தான். தான் என்ன செய்தான் என்பதும் அவனுக்குத் தெரியும், அந்தப் பாட்டுக்கு என்ன அர்த்தம் என்பதும் தெரியும். ஒரே நெஞ்சுக்குள் இரண்டையும் வைத்துக்கொண்டு அந்த ஆளால் சோறு தின்ன முடிகிறது, தூங்க முடிகிறது. எனக்கு அவனைப் பார்க்கப் பயமாக இருந்தது.

பாட்டு முடிவதற்குள் எல்லார் கையும் தலைக்குமேல் போய்விட்டது. ரங்கையா துண்டால் கண்ணைத் துடைத்தார். என் மாமியார், “தாயே, தப்பா பேசிட்டா தாயே, மன்னிச்சுக்க” என்று மணலில் விழுந்தாள். தாட்சாயணி நடுவில் நின்றபடியே நின்றாள். அவள் முகத்தைப் பாருங்கள் என்று அவன் பாடி முடித்தபோது ஒருத்தரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நியாயம் சீக்கிரம் முடிந்தது. காப்பு அறுக்கிறவரை அம்மன்மேல் விசாரணை கிடையாது என்றார்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ரங்கையா மாமனாரைத் தனியாகக் கூப்பிட்டு, “வேஷக்காரங்க மேல பொண்ணுங்களுக்கு மனசு போறது சகஜம் கன்னையா. பாட்டெல்லாம் மனப்பாடமா கீது பாரு. பள்ளிப்பட்டுக்காரங்களுக்குச் சீக்கிரம் சொல்லியனுப்பு” என்றாராம்.

மத்தியானம் நான் அடுப்படியில் இருந்தபோது தறிச் சத்தம் கேட்டது. ஓடிப் பார்த்தேன். வாரையில் தொங்கிய பாவு கீழே இறங்கியிருந்தது. மாமனார் குழியில் உட்கார்ந்து தறி நாடாவை ஓட்டிக்கொண்டிருந்தார்.

“மாமா, கையடிச்சிக் குடுத்தீங்களே” என்றேன்.

அவர் நிமிரவில்லை. “நானும் அழுதுட்டேன் செங்கம்மா” என்றார். “அவன் பாடனப்போ எனக்கும் கண்ணுல தண்ணி வந்துடுச்சி. பெத்த மகள் பக்கத்துல நிக்கிறா, நான் அவன் பாட்டுக்கு அழுவறேன். அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு இல்லன்னு சொல்றது? அம்மன் அவன்மேல இல்லன்னா எனக்கு ஏன் அழுவ வருது?”

“கொரல் நல்லா இருந்தா அழுவ வரும் மாமா. அதுக்கும் அம்மனுக்கும் இன்னா?”

“அப்டி சொல்லாதே” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. கெஞ்சுவதுபோல் இருந்தது.

தாட்சாயணி அடுத்த அறையில்தான் இருந்தாள். ஓட்டத்துக்கு ஓட்டம் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். அவள் எழுந்து வரவில்லை.

புடவை முடிந்து கோயிலுக்குப் போயிற்று. அதைச் சுற்றிவிட இந்த முறை எங்கள் வீட்டுப் பெண்ணைக் கேட்கவில்லை, வேறு எந்த வீட்டுப் பெண்ணையும் கேட்கவில்லை. பூசாரியின் அக்கா மணியம்மா, பல் போன விதவை, அவளை அனுப்பினார்கள். முறை மாறுகிறதே என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஊர் தாட்சாயணியை நம்பவில்லை என்று யார் சொன்னது? நம்பித்தானே கிழவியை அனுப்பினார்கள். நம்பினார்கள், ஆனாலும் அவன்தான் பாடவேண்டும் என்றார்கள். என்னால் இதைத்தான் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை.

அந்தத் துகிலுக்கு டில்லிக்காரர் வரவே இல்லை. வருகிறார் வருகிறார் என்று ரேணிகுண்டாவிலிருந்து ஒலிபெருக்கி கொண்டுவந்து கட்டி, தென்னங்கீற்றால் பந்தல் போட்டு, நாற்காலி வைத்துக் காத்திருந்ததுதான் மிச்சம். பிற்பாடு எல்லை எப்படி விழுந்தது என்று எல்லாருக்கும் தெரியும். திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போயிற்று, பள்ளிப்பட்டு போயிற்று. நாங்கள் ஆந்திராவிலேயே கிடந்தோம்.

ஊரே கோயிலுக்குப் போயிருக்க, நானும் தாட்சாயணியும் மட்டும் வீட்டில் இருந்தோம். கதவு சன்னலெல்லாம் சாத்தினேன். ஒலிபெருக்கியை யாரால் சாத்த முடியும்? விடியற்காலையில் அவன் குரல் ஓட்டுச் சந்து வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டது. நான் ராட்டையை இழுத்துப்போட்டு வெறும் ராட்டையாகச் சுற்றினேன், அந்தச் சத்தத்திலாவது அமுங்கட்டும் என்று. அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அண்ணி, எனக்கு அழுவ வருது.”

“அழு. வாய்விட்டு அழு. இந்த ஊர்ல உன்னைவிட்டா வேற யாருக்கு அழுவ உரிமை கீது?”

“அது இல்ல அண்ணி.” அவள் முகம் பயந்துபோயிருந்தது. “எனக்காக அழுவல. அவன் பாடறதுக்கு அழுவறேன். துரோபதைக்காக அழுவறேன். நிறுத்தணும்னு பாக்கறேன், முடியல.”

கையால் அவள் காதைப் பொத்தினேன். அவள் என் கையை எடுத்துவிட்டாள்.

“எனக்கே வருது பாரு அண்ணி. அம்மன் அவன்மேல வந்துகீறா. இல்லன்னா எனக்கு எப்டி வரும்? நைனா சொன்னது சரிதான். அப்போ அன்னிக்கி கொட்டகையில இருந்தது யாரு?”

“அவன்தான் இருந்தான்” என்றேன். அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். “பாடறவனும் அவன்தான், அதப் பண்ணவனும் அவன்தான். ரெண்டும் ஒரே ஆளுதான்டி. நீ கண்ணால பாத்தது பொய்யாவாது. கண்ணுல தண்ணி வந்தா வந்துட்டுப் போவுது, அது சாட்சி கிடையாது.”

அவள் நான் சொல்வதைக் கேட்கவில்லை, அவனைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பாட்டில் திரௌபதை கண்ணனைக் கூப்பிட்டாள். கோயில் பக்கத்திலிருந்து “கோவிந்தா” என்று சனத்தின் சத்தம் எழும்பியது. தாட்சாயணியின் கையும் தானாக மேலே போயிற்று.

“நான்தான் பயத்துல தப்பா நெனச்சுக்கினேனா அண்ணி?” என்று கேட்டாள்.

இல்லை என்றேன். எத்தனையோ தரம் இல்லை என்றேன். ஆவணியில் பள்ளிப்பட்டு மாப்பிள்ளைக்கு அவளைக் கொடுத்தார்கள். நல்ல பையன், குறை சொல்ல முடியாது.

எல்லை பிரிந்த வருஷத்தில், மாசிமாசத்தில், கைக்குழந்தையோடு வந்தாள். பெண் குழந்தை. கொல்லையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது, மனசு கேட்காமல், அந்த நினைப்பெல்லாம் உனக்கு இப்போது வருவதுண்டா என்று கேட்டேன். அவள் என்னை ஏதோ அந்நிய மனுஷியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“எந்த நெனப்பு? அப்டி ஒன்னும் நடக்கல அண்ணி. பொண்ணா இருந்தப்போ இன்னா இன்னாவோ உளறிட்டேன். அந்தப் பாவத்தாலதான் எனக்குக் கொழந்த தங்க இத்தினி வருஷம் ஆச்சின்னு பெத்த அம்மாவே சொன்னாங்க. வைகாசிக்கு வரேன். அம்மா காப்புக் கட்டிக்கினு குந்தியிருக்கறப்போ பாப்பாவ மடியில போட்டு, நான் பேசன தப்புக்குக் காசு கட்டி, பேர் வெக்கச் சொல்லணும்.”

அவள் கடைசியாக ‘அம்மா’ என்று சொன்னது துலுக்காணத்தை. நான் அவள் கையிலிருந்து குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். பால் கொடுக்கவேண்டும் கொடு அண்ணி என்று அவள் இரண்டு தரம் கேட்டாள். திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.